பால் பைத்தான் வளர்ப்போருக்கு இணையக் குடிவழிப் பதிவேடு எந்த அளவுக்குப் பயன்படும்?

பெருந்துறையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறையை ஒட்டிய ஊரில், மாடி அறை ஒன்றில் பால் பைத்தான் (Ball Python, பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) வளர்த்து வருகிறேன். என்னிடம் உள்ளவை அனைத்தும் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவானவை. இங்கே எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் விசாரிப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பருவத்தில் என்னுடைய பைபால்ட் (உடலில் வெள்ளைத் திட்டுகள் உள்ள நிறவகை) ஆணை, பார்வைக்குச் சாதாரண நிறத்தில் இருக்கும் ஒரு பெண்ணோடு சேர்த்திருக்கிறேன். ‘பைபால்டுக்கு நூறு சதவீத ஹெட்’, அதாவது அந்த நிறத்துக்கான மரபணுவின் ஒரு பிரதியை மறைவாகச் சுமப்பது உறுதி, என்று சொல்லி, வெளிமாநில விற்பனையாளர் ஒருவர் சாதாரணப் பாம்பின் விலையைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டு கொடுத்த பெண் அது. தாய் தந்தையரின் படங்களைக் கேட்டபோது அனுப்புவதாகச் சொன்னார். பணம் கைமாறிய பிறகு கேட்டதற்கு, பழைய செல்பேசியோடு படங்களும் போய்விட்டன என்றார். அதற்குப் பின் அவரிடமிருந்து பேச்சே இல்லை. வயிற்றின் ஓரத்தில் தெரியும் கோடுகளைப் பார்த்தாலே ஹெட் என்று தெரியும் என அவர் அப்போது காட்டிய அடையாளத்தை, ஹெட் அல்லாத பாம்புகளிலும் நான் பின்னர் பார்த்துவிட்டேன். பெண் இப்போது முட்டைக்கு முந்தைய சட்டையை உரித்துவிட்டு, வயிறு மேலே தெரியும்படி பாதி புரண்ட நிலையில் சூடான மூலையிலேயே கிடக்கிறது.

என் கேள்வி இதுதான். பாம்பு வளர்ப்போருக்கென்று வெளிநாடுகளில் நடத்தப்படும் இணையக் குடிவழிப் பதிவேடுகளில் பாம்பின் பெயர், பொரித்த நாள், பெற்றோர், நிழற்படம் ஆகியவற்றை ஏற்றினால், ஒரு பதிவெண்ணும் சான்றிதழும் பல தலைமுறைக் கொடிவழிப் படமும் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு ஆண்டுச் சந்தா உண்டு, சிலவற்றில் பாம்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். எனக்கு நேர்ந்த குழப்பம் என்னிடம் குஞ்சு வாங்குபவருக்கு நேரக்கூடாது என்பதற்காகச் சேரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் என் பெண்ணின் பெற்றோர் கட்டத்தில் நான் எதை எழுதுவது? விற்றவர் சொன்னதை எழுதினால், ஆதாரம் இல்லாத அவருடைய பேச்சுக்கு நானே முத்திரை குத்திக் கொடுப்பதாகிவிடாதா? வெற்றாக விட்டால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு ஏது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மருதமலைச்சாரல் எழுதியது:

கோவையில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். வளர்ப்புப் பாம்புகளையும் பார்ப்பதுண்டு. பதிவேட்டால் பயன் உண்டா என்பதற்கு ஒரே விடை கிடையாது. நீங்கள் வளர்க்கும் நிறவகை எப்படி மரபுவழி இறங்குகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பேஸ்டல் போன்ற வகைகளில் மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே தோலில் தெரிந்துவிடும் என்பதால், அதற்குக் காகிதமே வேண்டாம், பாம்பைப் பார்த்தால் போதும். பைபால்ட், அல்பினோ, கிளவுன் ஆகியவை ஒடுங்கு பண்புகள். இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும், ஒன்று மட்டும் உள்ள ஹெட் பாம்பு பார்வைக்குச் சாதாரணப் பாம்புதான். ஆகவே ஹெட் என்று விற்கப்படும் ஒவ்வொரு பாம்பும் அதன் பெற்றோரைப் பற்றிய ஒரு தகவலுக்காகவே கூடுதல் விலை பெறுகிறது. இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு பைபால்டாகவும், இரண்டு ஹெட்டாகவும், ஒன்று எதுவும் இல்லாததாகவும் வரும். பின்னால் சொன்ன மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. சந்தையில் அவற்றை 66 சதவீத ஹெட் என்று விற்பது அந்த மூன்றில் இரண்டு என்ற கணக்கைத்தான். குடிவழி தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

உங்கள் பெண்ணைப் பொறுத்தவரை, விற்றவரின் வாக்கைவிடவும் எந்தப் பதிவேட்டைவிடவும் நல்ல சான்று அதன் வயிற்றிலேயே இருக்கிறது. ஆண் பைபால்ட் என்பதால், பெண் உண்மையிலேயே ஹெட்டாக இருந்தால் ஒவ்வொரு முட்டையிலும் பைபால்ட் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு பைபால்ட் குஞ்சு வெளிவந்தாலும் பெண் ஹெட் என்பது உறுதியாகிவிடும். ஆறு முட்டைகள் பொரித்து ஆறும் சாதாரணமாக வந்தால், உண்மையான ஹெட் பெண்ணிடம் அப்படி நேர்வதற்கு 64-இல் ஒரு வாய்ப்புதான். இதையே ஹெட் ஆணோடு சேர்த்திருந்தீர்களானால், ஆறும் சாதாரணமாக வர ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு இருந்திருக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆகையால் பைபால்ட் ஆணைத் தேர்ந்தெடுத்தது நல்லதாயிற்று. ஆனால் பால் பைத்தான் பெண் முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். நம்பத்தகுந்த குடிவழிப் பதிவு ஒன்று கைவசம் இருந்தால் அந்தக் காத்திருப்பே தேவைப்பட்டிருக்காது.

பதிவு இல்லாமல் வேலையே நடக்காத இன்னோர் இடமும் உண்டு, அது பனானா என்ற நிறவகை. பனானா பாம்பைப் பார்த்தவுடன் தெரியும், பெற்றோர் யாராக இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்த மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமோடு பிணைந்தது. ஒரு பனானா ஆண் அந்த மரபணுவைத் தன் தந்தையிடமிருந்து பெற்றிருந்தால் அதற்குப் பிறக்கும் பனானா குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆண்களாகவும், தாயிடமிருந்து பெற்றிருந்தால் பெரும்பாலானவை பெண்களாகவும் இருக்கும். அரிதாகச் சில குஞ்சுகள் மாறியும் வரும். இரண்டு பனானா ஆண்களை அருகருகே வைத்தால் எது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டன் பாட்டியில் பனானா எந்தப் பக்கம் இருந்தது என்ற ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பாம்புகள் எல்லாவற்றிலும் முட்டையிடும் பெண்தான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்று வெகுகாலம் பாடநூல்களில் இருந்தது. வளர்ப்போர் குறித்துவைத்திருந்த பனானா குஞ்சுகளின் பாலினக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு ஒன்று 2016-இல் அதைக் கேள்விக்குள்ளாக்கியது. பர்மியப் பைத்தானிலும் போவா என்ற பாம்பினம் ஒன்றிலும் பாலூட்டிகளைப் போலத் தந்தையே பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்று 2017-இல் மரபணு ஆய்வும் காட்டியது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் சோம்பலின்றிக் கணக்கெழுதியதால் அறிவியலுக்குக் கிடைத்த லாபம் அது.

நோய்க்கூறுகளின் பக்கம் வருவோம். பால் பைத்தானிலேயே ஸ்பைடர் என்ற நிறவகைப் பாம்புகளுக்குத் தலை ஆடும், திசை தடுமாறும். உட்காதின் அமைப்புக் கோளாறே காரணமாக இருக்கலாம் என்று 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று கதிர்ப்படங்களோடு காட்டியது. பிரிட்டனின் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் 2018 முதல் ஸ்பைடர் விற்பனையை அனுமதிப்பதில்லை. ஸ்பைடர் வெளிப்படையாகத் தெரியும் பண்புதான் என்றாலும், முழு வெள்ளைப் பாம்பு ஒன்றுக்குள் அது இருந்தால் கோலம் தெரியாது. பெற்றோரை அறிந்தால்தான் அறியலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உறவுக்குள் சேர்க்கை. ஒடுங்கு பண்பை வெளிக்கொண்டுவர மகளைத் தந்தையோடு சேர்ப்பது இத்துறையில் சாதாரணமாக நடக்கிறது, அப்படிப் பிறக்கும் குஞ்சின் உட்கலப்புக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 25 சதவீதம். தெரிந்து செய்பவர் ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் நாட்டிலோ மூலப் பாம்புகள் குறைவு. ஒரே பெற்றோரின் குஞ்சுகள் கோவையிலும் திருப்பூரிலும் சேலத்திலும் மூன்று கைகளுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்து ‘வெளி ரத்தம்’ என்ற நம்பிக்கையில் ஒன்றோடொன்று சேர்க்கப்படுகின்றன. இதைத் தனிமனிதர் எவருடைய குறிப்பேடும் தடுக்காது. பலருடைய பதிவுகள் ஓரிடத்தில் சேரும்போது மட்டுமே இது கண்ணில் படும். பொதுப் பதிவேடு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், விலையும் சான்றிதழும் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

கொறங்காட்டுக்காரன் எழுதியது:

மருத்துவர் அம்மா சொன்ன மரபியல் எனக்குப் புதிது, படித்துத் தெரிந்துகொண்டேன். நான் பாம்பு வளர்ப்பவன் அல்லேன், என் தம்பி மகன் வளர்க்கிறான். காங்கேயம் பக்கம் மாடு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது என்பதால் குடிவழி பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்து மாடு என்றால் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துத் தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தின் பெயர் அதற்குப் பின்னால் நின்றது. கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு மாடு பிடிக்க வருபவர் கொம்பு, திமில், சுழி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் இது யார் வீட்டுக் கன்று என்று கேட்பார். விடை சொல்பவர் பொய் சொன்னால் அடுத்த சந்தைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் பதிவேடு.

இப்போது அரசாங்கம் மாட்டுக்குப் பன்னிரண்டு இலக்க எண்ணுள்ள காதுவில்லை மாட்டுகிறது. இது இன்ன மாடு என்று அந்த எண் சொல்லும், இன்ன மாட்டின் கன்று என்று தானாகச் சொல்லாது. ஊசி போட்டுச் சினைப்படுத்தினால் உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும், ஊசி போட வருபவர் அதைப் பார்த்துத் தன் ஏட்டில் எழுதிக்கொள்வார். அந்தப் பதிவை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதை எழுதியவருக்கு என் கன்று என்ன விலைக்குப் போனாலும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. தம்பி மகனிடம் நீங்கள் சொல்லும் வகைப் பதிவேடு ஒன்றைத் திறந்துகாட்டச் சொன்னேன். விற்பவரே தாயின் பெயரை எழுதுகிறார், தந்தையின் பெயரையும் அவரே எழுதுகிறார், படத்தையும் அவரே ஏற்றுகிறார், தளம் அதன் மேல் பொன்னிறக் கரை போட்ட சான்றிதழை அச்சிட்டுக் கொடுக்கிறது. இடையில் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. பந்தயக் குதிரைக்குப் புனேயில் உள்ள இந்தியக் குதிரைக் குடிவழிப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் டிஎன்ஏ சோதனையால் பெற்றோரை மெய்ப்பிக்க வேண்டும். பாம்புத் தளங்களில் அப்படி ஒன்றும் நான் காணவில்லை.

ஆகவே சேருவதானால் சேருங்கள், பணம் உங்களுடையது. ஆனால் வாங்குபவர் அந்தச் சான்றிதழை நம்பி வாங்கப்போவதில்லை, உங்களை நம்பித்தான் வாங்குவார். இன்னொன்றும் கேட்கிறேன். கன்றுக்குச் சுழி இருக்கிறது, காதில் வில்லை இருக்கிறது. காங்கேயம் கன்று செம்மை நிறத்தில் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறினாலும் சுழி இடம் மாறாது. பாம்புக்கு எதை அடையாளமாக வைத்து இதுதான் அது என்பீர்கள்?

பெருந்துறையான் எழுதியது:

அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. முட்டைகள் வந்துவிட்டன. பெண்ணைப் பிரித்தெடுத்துவிட்டு, இருட்டறையில் செல்பேசி விளக்கை ஓட்டோடு அழுத்திப் பார்த்தபோது, ஒன்றைத் தவிர மற்றவற்றில் சிவந்த நரம்புகள் ஓடுவது தெரிந்தது. அந்த ஒன்று மஞ்சளாகக் கிடந்தது, ஓரமாக வைத்திருக்கிறேன். ஈரப்படுத்திய பெர்லைட் கனிமத் துகள்களில் வைத்து இன்குபேட்டரை 31.5 பாகை செல்சியசில் நிறுத்தியிருக்கிறேன். இந்தச் சித்திரை வெயிலில் சூடாக்குவதைவிட அறையைக் குளிர்ச்சியாக வைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது என்பது வேறு கதை.

அடையாளம் பற்றி அண்ணா கேட்டது எனக்கும் உறைத்தது. இன்னொரு சந்தேகமும் உண்டு. நாம் பணம் கட்டும் தளம் நாளைக்கு மூடப்பட்டுவிட்டால் ஏற்றிய தகவல் எங்கே போகும்?

அமராவதிக்கரை எழுதியது:

மூடப்பட்டால் போய்விடும், அவ்வளவுதான். மென்பொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளிட்ட தகவல் முழுவதையும் அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி தராத தளத்தில் ஒரு பாம்பைக்கூட ஏற்றாதீர்கள். இத்தகைய தளங்கள் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்துபவை, அவர்களுடைய ஆர்வம் தீரும்போது தளமும் தீர்ந்துவிடும். மார்ஃப்மார்க்கெட் போன்ற பெரிய விற்பனைத் தளங்கள் நிலைத்து நிற்கின்றன என்றாலும் அவற்றின் முதல் வேலை விற்பனை. அவற்றில் உள்ள மரபணுக் கணிப்பான் எந்தச் சேர்க்கையில் என்ன குஞ்சு வரும் என்பதைக் கணக்கிட்டுத் தரும். உள்ளிட்ட பெற்றோர் உண்மையா என்பது அதற்குத் தெரியாது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதல் பதிவு கட்டுப்போட்ட ஏட்டில், மையால். அடுத்தது கணினியில் ஓர் அட்டவணை. இணையப் பதிவேடு மூன்றாவதாகத்தான், அதுவும் அட்டவணையிலிருந்து படியெடுத்ததாக. அட்டவணையில் பெற்றோர் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘எப்படித் தெரியும்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். என் அறையில் சேர்ந்ததை நானே பார்த்தேன், விற்றவர் சொன்னார், குஞ்சு பொரித்ததால் மெய்ப்பட்டது, சோதனைச்சாலை சொன்னது, தெரியாது என்ற ஐந்தில் ஒன்றுதான் அதில் வரலாம். உங்கள் முதல் கேள்விக்கு என் விடையும் இதுதான். உங்கள் பெண்ணின் பெற்றோர் கட்டத்தில் விற்றவர் சொன்னதை எழுதுங்கள், பக்கத்தில் ‘விற்றவர் சொன்னார், படம் தரவில்லை’ என்றும் எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தைவிட அது பயனுள்ளது, பொய்ச் சான்றும் ஆகாது. இப்படி எழுத இடம் தராமல், பெயர் மட்டும் கேட்கும் பதிவேடாக இருந்தால் அதில் சேர்வதால் மற்றவர்களுக்குத் தீமைதான் அதிகம். விற்றவர் வாய்ச்சொல்லும் நீங்கள் கண்ணால் கண்டதும் அங்கே ஒரே எழுத்தில், ஒரே பெட்டியில் வந்துவிடும்.

அடையாளத்துக்கு வருகிறேன். பால் பைத்தானின் விலாக்கோலம் பாம்புக்குப் பாம்பு வேறுபடும், நிறம் வயதோடு மங்கினாலும் கோலத்தின் வடிவம் மாறாது. பொரித்து முதல் சட்டை உரித்தவுடன், கழுத்துக்குப் பின்னால் தொடங்கி ஒரு சாண் நீளத்துக்கு இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், அளவுகோலை அருகில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை அதே இடத்தை எடுங்கள். முழுவெள்ளைப் பாம்புக்கு இது பயன்படாது, அதற்குத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்தான் வழி, அதை மருத்துவர்தான் வைக்க வேண்டும். பைபால்டில் வெள்ளையும் கோலமும் சந்திக்கும் விளிம்பே போதுமான அடையாளம்.

வாளையார்க்காற்று எழுதியது:

எல்லாரும் நல்லதையே பேசுகிறீர்கள், எதிர்ப்பேச்சு ஒன்றும் இருக்கட்டும். ஒவ்வொருவரும் தம்மிடம் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைப் பொதுவெளியில் அடுக்கிவைத்தால் திருடனுக்கு அதைவிட நல்ல பட்டியல் வேண்டியதில்லை. பெயரையும் ஊரையும் மறைத்தால் மருத்துவர் அம்மா விரும்பும் உறவறியும் வேலை நடக்காது. மேலும், பதிவெண் உள்ள குஞ்சு, இல்லாத குஞ்சு என்று இரண்டு விலை வந்துவிடும், பதிவெண்ணுக்காகவே பதிவு செய்வோர் பெருகுவார்கள். நாய்களில் இது நடந்ததை நாம் பார்க்கவில்லையா? சான்றிதழ் உள்ள நாய்க்குட்டியை ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கி, இடுப்பு மூட்டுக் கோளாறோடு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். சான்றிதழில் பெற்றோர் பெயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

குழும நடத்துநர் எழுதியது:

உரையாடல் நன்றாகச் செல்கிறது. சட்டத்தைப் பற்றிச் சில வரிகள் மட்டும் இடையில் சேர்க்கிறேன், ஏனெனில் குடிவழிப் பதிவு வேறு, அரசுப் பதிவு வேறு என்பதைப் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் 2022-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்கள் அதன்படி நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. பைத்தான், போவா குடும்பங்கள் முழுவதும் சைட்ஸ் பட்டியல்களில் இருப்பதால் பால் பைத்தானும் அதில் அடக்கம். அட்டவணையில் உள்ள விலங்கை வைத்திருப்பதையும், அது குஞ்சு பொரித்தால் அதையும், கைமாறினால் அதையும், இறந்தால் அதையும் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி பரிவேஷ் தளத்தின் வழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாகக் கைக்கு வந்ததைத் தெரிவிக்க 30 நாள் அவகாசம். வெளிநாட்டுத் தளம் ஒன்று கொடுத்த கொடிவழிச் சான்றிதழை வனச்சரகரிடம் நீட்டினால் அதற்கு எந்த மதிப்பும் இருக்காது.

பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான்கள் பிடிபட்ட செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்து பலமுறை வந்திருக்கிறது. அப்படி வந்த பாம்பு ஒன்றுக்கு, இங்கேயே பொரித்தது என்று ஒரு குடிவழியை எழுதி இணையத்தில் ஏற்றிவிடுவது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள். கொறங்காட்டுக்காரர் கேட்ட ‘இடையில் பார்த்தவர் யார்’ என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது. ஆகையால் இந்தக் குழுமத்தில் குடிவழி பேசுவோர் பரிவேஷ் பதிவையும் உடன் வைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர் மலைப்பாம்பு, நாகம், சாரை, மண்ணுளி ஆகியவை இந்த உரையாடலுக்கு முற்றிலும் வெளியே. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மண்ணுளிக்குக் கோடி விலை என்று யாரேனும் தனிச்செய்தி அனுப்பினால், பதில் எழுதாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

பெருந்துறையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் படம் எடுப்பது, ‘எப்படித் தெரியும்’ கட்டம் இரண்டையும் இன்றே தொடங்கிவிட்டேன். கட்டணத் தளத்தில் சேர்வதைக் குஞ்சு பொரிக்கும் வரை தள்ளிவைக்கிறேன். மருத்துவர் அம்மாவிடம் இரண்டு கேள்விகள். பெண்ணின் சட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதை வெளிநாட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்பி ஹெட்டா என்று பார்க்க முடியுமா? அடுத்து, இதே பெண்ணைச் சென்ற பருவத்தில் ஒரு பேஸ்டல் ஆணோடு சில நாள் விட்டிருந்தேன், அப்போது முட்டை வரவில்லை. அதைப் பதிவில் எழுத வேண்டுமா?

மருதமலைச்சாரல் எழுதியது:

உரித்த சட்டையிலிருந்தே டிஎன்ஏ எடுத்துச் சில நிறவகைகளுக்கு ஹெட் சோதனை செய்யும் கூடங்கள் அமெரிக்காவில் உள்ளன. பைபால்டுக்கும் டிஎஃப்இசி என்ற மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 2023-இல் வெளியான ஆய்வும் காட்டியிருக்கிறது. ஆனால் பட்டியலிட்ட விலங்கின் உடற்பகுதிகளும் சைட்ஸ் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், சட்டையை உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிவிட முடியாது, ஏற்றுமதி அனுமதி வேண்டும். உங்களுக்கு முட்டையே விடை தரும் என்பதால் அந்த அலைச்சல் தேவையில்லை. சட்டையைக் காயவைத்துக் காகித உறையில் போட்டு, பாம்பின் எண்ணையும் நாளையும் மேலே எழுதி வையுங்கள். நெகிழிப் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். உள்நாட்டிலேயே சோதனை வசதி வரும் நாளில் அது உதவும்.

பேஸ்டல் ஆணைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். பெண் பாம்புகள் விந்தணுவைப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும், உடலில் தேக்கிவைத்துப் பின்னர் முட்டையைக் கருவுறச் செய்யும். ஒரே ஈட்டு முட்டைகளுக்கு இரண்டு தந்தையர் அமைந்ததும் பல பாம்பினங்களில் பதிவாகியிருக்கிறது. ஆணே இல்லாமல் பொரித்ததும் உண்டு, அது மிக அரிது. ஆகவே வரும் குஞ்சுகளில் ஒன்று பேஸ்டலாக இருந்தால் தந்தை யார் என்பதில் ஐயமில்லை. பைபால்டாக வந்தால், பேஸ்டல் ஆண் ஹெட் அல்ல என்பது தெரிந்திருக்கும்வரை அதன் தந்தை பைபால்ட் ஆண்தான். சாதாரணமாக வருபவைதான் சிக்கல். ஒரு பேஸ்டல் குஞ்சு வந்துவிட்டாலே, அந்தச் சாதாரணக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் நூறு சதவீத ஹெட் என்று சொல்லும் உரிமை உங்களுக்குப் போய்விடும். நான் முன்பு சொன்ன 64-இல் ஒன்று என்ற கணக்கும், முட்டைகள் எல்லாவற்றுக்கும் பைபால்டே தந்தை என்று கொண்டால்தான் பொருந்தும். தந்தை கட்டத்தில் இரண்டு ஆண்களின் எண்களையும், சேர்த்த நாள்களோடு எழுதுங்கள். பதிவேட்டுத் தளம் ஒரே ஒரு தந்தையைத்தான் ஏற்கும் என்றால் அந்தக் குஞ்சுகளைத் தந்தை தெரியாதவை என்றே பதிவு செய்யுங்கள்.